நாற்பத்தொரு சிவப்புக் கோடுகள்

“யாருங்க பில்டை நிறுத்துனது?” என்று சிவசங்கரன் கேட்டபோது அவர் பார்வை ஏற்கெனவே குளோரியாவின் மேல்தான் இருந்தது. காலைக் கூட்டத்தில் நின்ற ஒன்பது பேருக்கும் அவர் பதில் தெரிந்தே கேட்கிறார் என்று தெரியும்.

“நான்தான்.”

ஆடுகோடியில் ஒரு பட்டறைக்கு மேலே இரண்டு மாடி வாடகைக்கு எடுத்திருந்த அந்த நிறுவனம், சில மகளிர் மருத்துவமனைகளுக்கு முன்பதிவுத் தளம் நடத்திவந்தது. அதே ஊரில், மர்பி டவுனில் பிறந்து வளர்ந்த குளோரியா அங்கே நான்கு வருடமாக வேலை செய்கிறாள். சிவசங்கரன் நாமக்கல்லிலிருந்து வந்து, ஆறு மாதமாக அவளுக்கு டீம் லீட். வந்த வாரமே அவள் பேச்சைக் கேட்டு, “இதெல்லாம் தமிழாங்க?” என்று நாலு பேர் முன்னால் சிரித்தார். அதன் பிறகு வேலைக்குத் தேவையானதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவள் அவரிடம் பேசியதில்லை.

தளத்துக்கு வருபவர்கள் எந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று கணக்கெடுக்க ஓர் அனலிடிக்ஸ் ஸ்கிரிப்ட் இருந்தது. எதைக் கொடுத்தாலும் வாங்கி, வெளி நிறுவனம் ஒன்றின் சர்வருக்கு அனுப்பிவிடும். குளோரியா அதற்கு டைப்ஸ்கிரிப்ட் மொழியில் வரையறை எழுதினாள். பக்கத்தின் பெயர், பொத்தானின் பெயர், நேரம். இவை தவிர வேறெதுவும் போகக் கூடாது. அதைச் சேர்த்ததும், அதை மீறிய நாற்பத்தொரு இடங்களில் சிவப்புக் கோடு விழுந்து, தளத்தின் புதிய பதிப்பைத் தயாரிக்கும் பில்ட் நின்றுவிட்டது.

“இன்னைக்கு ரிலீஸுங்க. எல்லாத்துக்கும் ‘எனி’ன்னு போட்டுத் தள்ளுங்க,” என்றார் சிவசங்கரன்.

‘எனி’ என்று எழுதினால் எது வந்தாலும் சரி என்று அர்த்தம். கோடுகள் மறையும். போவது போய்க்கொண்டேதான் இருக்கும்.

“நாப்பதை அப்புறம் பாத்துக்கலாம். ஒண்ணு மட்டும் விட முடியாது,” என்றாள் குளோரியா. “பேஷன்ட் ஃபாரம்ல என்னா எழுதுறாங்களோ அது முழுசா வெளிய போவுது. பேரு, போன் நம்பரு, எதுக்காக டாக்டரைப் பாக்கணும்ங்கிறது, எல்லாம். அரை மணி நேரம் குடுங்க, அதைச் சரி பண்ணிடறேன்.”

“ரெண்டு வருஷமா போயிட்டிருக்குது. இன்னைக்கு மட்டும் உனக்கு என்ன வந்துச்சு?”

‘நீங்க’, ‘நீ’ ஆனதை எல்லோரும் கேட்டார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் இருக்கைக்குப் போய், ஃபாரத்தை வெளியே அனுப்பும் அந்த ஒரு வரியைத் திருத்திக்கொண்டிருந்தபோதே, சிவசங்கரன் அவளுடைய வரையறையின் மேல் ‘எனி’ போட்டு, தளத்தில் ஏற்றிவிட்டார். குளோரியா எழுந்து நேராக மேனேஜர் மமதாவின் அறைக்குப் போனாள். மமதா மல்லேஸ்வரத்துக்காரர்; தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அவர் கூப்பிட்டதும் சிவசங்கரன் லேப்டாப்போடு வந்து, சுவரிலிருந்த டிவியில் கேபிளைச் சொருகினார்.

“நீங்களே பாருங்க மேடம். எல்லாம் வெறும் நம்பருங்க. இந்தம்மாவுக்கு எதையாவது ஊதிப் பெரிசாக்கோணும்.”

வெளி நிறுவனத்துக்குப் போன தகவல்களின் பட்டியல் திறந்தது. முதல் வரியில் ஒரு பெண்ணின் முழுப் பெயர், பத்து இலக்க எண். பக்கத்தில்: ‘கர்ப்பத்தைக் கலைக்க வேண்டும். வீட்டுக்குப் போன் செய்ய வேண்டாம்.’

கண்ணாடிச் சுவருக்கு வெளியே காபிக் கோப்பையோடு நின்றிருந்த சக ஊழியர் உமேஷும் இன்னும் இருவரும் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். குளோரியா கேபிளைப் பிடுங்கினாள்.

மமதா வெளியே நின்றவர்களைக் கையசைத்துப் போகச் சொன்னார். பிறகு, “அந்த ஸ்கிரிப்டை எடுத்துடுங்க. ஈகலே. இப்பவே,” என்றார்.

சிவசங்கரன் விடவில்லை. ஃபாரத்தை அனுப்பும் அந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று காட்டும் பழைய பதிவுகளைத் திறந்து லேப்டாப்பை மமதாவின் பக்கம் திருப்பினார். “இதை எழுதுனது யாருன்னு பாருங்க. தானே கொட்டிட்டு இப்ப ஊரைக் கூட்டுறா.”

குளோரியாவின் பெயர். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

அவளுக்கு நினைவு வந்தது. வேறொரு பக்கத்திலிருந்து அவசரத்தில் ஒட்டிய வரி. ஃபாரத்தை அப்படியே ஸ்கிரிப்டிடம் கொடுத்திருந்தாள். அன்று எந்தக் கோடும் விழவில்லை.

“நான் எழுதினதுதான்,” என்றாள். “தெரியாம எழுதினேன். நீங்க தெரிஞ்சே ஏத்துனீங்க.”

“வாயை மூடு.”

“மூட மாட்டேன்.”

“சாகு! ரெண்டு பேரும் போதும்,” என்று மமதா மேசையைத் தட்டினார். நடந்ததை மருத்துவமனைகளுக்கு எழுதும் வேலை குளோரியாவிடம் வந்தது. இரண்டு வருடத்தில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பெண்களின் விவரம் வெளியே போயிருந்தது. முதல் வாக்கியத்திலேயே தன் பெயரை எழுதினாள். மூன்றாம் பத்தியை எழுதும்போது சிவசங்கரன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“என் பேரு எதுக்கு இதுல?”

“அரை மணி கேட்டேன், குடுக்கல. நீங்க ஏத்துனப்புறம் ஆறு பேரு ஃபாரம் போட்டிருக்காங்க. அந்த ஆறு உங்களுது.”

“மிச்சம்?”

“என்னுது. மேலயே எழுதிட்டேன்.”

“உன்னை இந்த ஊர்ல எவனும் வேலைக்கு எடுக்க மாட்டான்.”

“அதை நான் பாத்துக்கறேன். தள்ளி நில்லுங்க.”

அவர் நிற்கும்போதே அனுப்பினாள்.

இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவளுடையது நீளம். அடுத்த திங்கட்கிழமை ஒரு மருத்துவமனையிலிருந்து ஓர் அழைப்பைக் குளோரியாவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு பெண், தன் பெயரைச் சொன்னாள், வணக்கம் சொல்லவில்லை.

“என் பேரு அதுல இருந்துச்சா?”

குளோரியா தேடிப் பார்த்தாள். அன்று டிவியில் முதல் வரியில் இருந்த அதே பெயர். “இருந்துச்சுங்க.”

பத்து நிமிடம் அந்தப் பெண் திட்டினாள். குடும்பத்தை, படிப்பை, எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினாள். குளோரியா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்க, “யாரு யாரு பாத்தாங்க?” என்று கேட்டாள்.

அதைப் பார்த்ததாகத் தனக்குத் தெரிந்த எல்லோரையும் குளோரியா சொன்னாள், தன்னிலிருந்து தொடங்கி.