வாசிப்பு: மிக நன்று

பள்ளிக்கூடங்களுக்குத் தரம் போடுவது அவர் உத்தியோகம். வாத்தியார்கள் பிள்ளைகளுக்குப் போடுகிற மதிப்பெண்ணெல்லாம் சில்லறைச் சமாசாரம். இவர் போடுவது வாத்தியார்களுக்கே, பேனாவில், முத்திரையோடு. ஒவ்வோர் அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் ஆண்டுக்கு ஒரு நாள் போவார். கையில் அறுபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் இருக்கும். கேள்விக்குப் பக்கத்தில் ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு டிக். ஆசிரியர்கள் அவருக்கு டிக் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. பிரியத்தில் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

அந்தப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கழிப்பறைக்குக் கதவு உண்டா என்று அது கேட்கும். கதவு திறக்குமா என்று கேட்காது. நூலகத்தில் முந்நூறு புத்தகம் இருக்கிறதா என்று கேட்கும். இருக்கும், கண்ணாடி அலமாரியில், பூட்டுப் போட்டு. பிள்ளைகள் கையில் கொடுத்தால் புத்தகம் கிழியும். கிழிந்தால் எண்ணிக்கை குறையும். குறைந்தால் டிக் போய்விடும். ஆகவே பிள்ளைகளிடமிருந்து புத்தகங்களைக் காப்பாற்றுவதுதான் நூலகத்தின் வேலை என்று எல்லாப் பள்ளிகளும் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தன.

நாற்பத்தேழாவது கேள்வி வாசிப்பைப் பற்றியது. வகுப்புக்கு ஒரு பிள்ளையை எழுப்பி ஒரு பக்கம் வாசிக்கச் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளை என்பதைப் பள்ளியே சொல்லிவிடும். ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி கணீரென்று வாசித்தாள். டிக் சார் ஒரு தேநீர் குடித்துவிட்டு மூன்றாம் வகுப்புக்குப் போனார். அங்கேயும் முன்பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்து கணீரென்று வாசித்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கியது, பின்வாசல் வழியாக ஓடி வந்தவள் அல்லவா? அவர் இரண்டு டிக் போட்டார்.

கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. கை நீட்டுகிற பழக்கம் இல்லை, அதட்டுகிற பழக்கம் இல்லை. யார் மனமும் நோகாமல் வேலையை முடித்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். இப்படிப்பட்ட நல்லவர் ஒருவர் பதினோரு வருஷம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் எத்தனை பிள்ளைகள் எழுத்துக்கூட்டத் தெரியாமல் ஐந்தாம் வகுப்பைத் தாண்டுவார்கள் என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அரசுத் தொடக்கப்பள்ளி இருந்தது. அதன் வாசலில் நீலப் பலகை ஒன்று: ‘முதல் தரப் பள்ளி’. அடியில் அவர் கையெழுத்தைப் பெரிதாக்கி வரைந்துவைத்திருந்தார்கள். மகளுக்கு ஐந்து வயது முடிந்தபோது அவர் மனத்தில் இருந்தது வேறு பள்ளி. அது பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஷிப்ட் முறையில் வேலை. ஒரு மணி நேரம் போய் ஒரு மணி நேரம் வந்து பிள்ளையை யார் கூட்டிக்கொண்டு திரிவது என்று கேட்டாள். பக்கத்திலேயே பள்ளிக்கூடத்தை வைத்துக்கொண்டு இதென்ன கூத்து என்றும் கேட்டாள். பக்கத்துப் பள்ளி நமக்குச் சரிப்படாது என்று அவர் மென்று விழுங்கினார்.

“முதல் தரம்னு போர்டு தொங்குது. கீழ உங்க கையெழுத்து. அது நிஜமா, பொய்யா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க” என்றாள்.

பொய் என்றால் உத்தியோகம் பொய். நிஜம் என்றால் பிள்ளையைச் சேர்க்க வேண்டும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உலகத்தில் நிறைய. இவர் கையெழுத்தைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மகள் அடுத்த திங்கட்கிழமையே அந்தப் பள்ளியில் சேர்ந்தாள்.

ஒன்றாம் வகுப்பு போயிற்று, இரண்டாம் வகுப்பும் போயிற்று. முன்னேற்ற அட்டையில் மாதாமாதம் மொழிப்பாடத்துக்கு நேரே ‘மிக நன்று’ என்று வந்தது. அவர் மாதாமாதம் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன் எதையும் பார்ப்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

மகள் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவிக்கு இருமல். அலமாரியில் இருக்கும் இருமல் மருந்தை எடுத்து வரச் சொன்னாள். அங்கே இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்று இருமலுக்கு, இன்னொன்று புண் கழுவ. இரண்டிலும் அவளே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். மகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து எது என்று கேட்டாள். எழுதியிருக்கிறதே, படித்துப் பார் என்றாள் அம்மா. பிள்ளை ஒவ்வொரு பாட்டிலையும் வெகுநேரம் உற்றுப் பார்த்தது. பிறகு, சிவப்பு மூடியா, வெள்ளை மூடியா என்று கேட்டது.

மனைவிக்கு இருமல் நின்றுவிட்டது. செய்தித்தாளைக் காட்டினாள், காலண்டரைக் காட்டினாள், பிள்ளையின் பாடப் புத்தகத்தையே காட்டினாள். புத்தகத்தில் முதல் பாடத்தை மட்டும் மகள் கடகடவென்று ஒப்பித்தாள், பக்கத்தைப் பார்க்காமலே. அவர் உள்ளே போய் முன்னேற்ற அட்டையை எடுத்து வந்து, இதில் மிக நன்று என்றுதானே போட்டிருக்கிறது என்றார்.

“அட்டை நல்லாத்தான் படிக்குது. பிள்ளைக்குத்தான் தெரியல” என்றாள் மனைவி.

மறுநாள் அவள் வகுப்பு ஆசிரியையைப் போய்ப் பார்த்தாள். அந்த அம்மாள் ஒளிக்கவில்லை. நாற்பத்தொரு பிள்ளைகள், அறுபத்திரண்டு கேள்விக்கும் தனித்தனிக் கோப்பு, கோப்புக்குள் புகைப்படம், புகைப்படத்துக்கு விளக்கம். இதையெல்லாம் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது, பாடம் எங்கே நடத்துவது என்று கேட்டாளாம். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள் என்றும் சொன்னாளாம். மனைவி வந்து சொன்னாள். அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஷிப்ட் இல்லாத நாள்களில் அவளே மகளோடு உட்கார்ந்தாள். வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் பெரிது.

அப்படியிருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை மகள் பையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“அப்பா, வியாழக்கிழமை நான் வர வேணாமாம். ஆபீசர் வராங்களாம். நானும் இன்னும் மூணு பேரும் வீட்ல ரெஸ்ட் எடுக்கணுமாம். எனக்குக் காய்ச்சலாப்பா?”

டிக் சாருக்கு வந்ததே கோபம். பதினோரு வருஷத்தில் ஒரு பள்ளியைப் பார்த்தும் வராத கோபம். புதன்கிழமை காலையில் நேரே தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்து, ஒரு குழந்தையை இப்படி ஒதுக்கி வைப்பதா, இதுதான் முதல் தரமா, நீங்களெல்லாம் படித்தவர்கள்தானா என்று பொரிந்து தள்ளினார். தலைமையாசிரியை பழுத்த அனுபவசாலி. அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு பார்வையாளர் பதிவேட்டை எடுத்து, நான்கு வருஷத்துக்கு முந்தைய பக்கம் ஒன்றைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

‘மெதுவாகக் கற்கும் மாணவர்களுக்கு மதிப்பீட்டு நாளில் ஓய்வு அளிப்பது நலம்.’ கையெழுத்து அவருடையது, முத்திரையும் அவருடையது.

அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஒரு பிள்ளை தவறிப்போய் எழுப்பப்பட்டு, வாசிக்கத் தெரியாமல் நின்று அழுதுவிட்டது. அதைச் சமாதானப்படுத்துவதற்குள் நாலு மணி பஸ் போய்விட்டது. அந்த எரிச்சலில் எழுதிய வரி. எழுதியதோடு அவர் மறந்துவிட்டார், பள்ளிகள் மறக்கவில்லை. அடுத்த ஆண்டே அந்த வரியைப் பிரதியெடுத்துப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் அனுப்பிவிட்டார்கள். மதிப்பீட்டு நாளில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வருகை போட்டுவிடுவோம், நூறு சதவீதம் குறையாது என்று தலைமையாசிரியை பணிவாக விளக்கினாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“லிஸ்ட்ல உங்க பாப்பா இருந்ததை நான் கவனிக்கல சார். நாளைக்கு வரட்டும். மூணாவது வரிசையில உக்காரட்டும். யாரும் எழுப்ப மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு.”

மற்ற மூன்று பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று இந்த இடத்தில் ஒரு மனிதன் கேட்டிருப்பான். அவர் நன்றி மேடம் என்றார். தேநீர் வந்தது, அதையும் குடித்தார்.

சொந்தப் பிள்ளை படிக்கிற பள்ளியை அதிகாரி மதிப்பிடக் கூடாது என்று விதி இருந்தது. அதனால் வியாழக்கிழமை அவருடைய உதவியாளர் போனார். கடைசிக் கையெழுத்தை மட்டும் இவரே போடலாம், விதி அதைத் தடுக்கவில்லை. அந்த உதவியாளருக்கு அலுவலகத்தில் ‘ஆமாம் சார்’ என்று பெயர். மேலதிகாரி வெயில் என்றால் விசிறிக்கொள்வார், குளிர் என்றால் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொள்வார். சாயங்காலம் அவர் படிவத்தோடு வந்து நின்றபோது வாயெல்லாம் பல்.

“சார், மூணாங்கிளாஸ்ல வேற யாரையோ எழுப்புங்கன்னாங்க. நான் விடல. நம்ம பாப்பாவையே எழுப்பினேன். என்ன கணீர்னு வாசிச்சா தெரியுமா சார்? அப்படியே அப்பா.”

அப்படியா, ரொம்பச் சந்தோஷம் என்றார் டிக் சார். படிவத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேசை மேலேயே வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சீருடைகூட மாற்றவில்லை.

“அப்பா, அந்த சார் என்னை எழுப்பினாரு. நான் வாயே தொறக்கல. புக்கையே பாத்துட்டு நின்னேன். அவரு வெரி குட், சூப்பரா வாசிச்சேன்னு சொல்லி எழுதிக்கிட்டாரு. எல்லாரும் கை தட்டினாங்க.”

மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“அப்போ எனக்குப் படிக்கத் தெரியுமாப்பா?”

அறுபத்திரண்டு கேள்விகளைப் பதினோரு வருஷமாகச் சுமந்தவருக்கு இந்த ஒரு கேள்வியின் முன்னால் நிற்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. மனைவி முன்னால், அதிகாரி முன்னால் வருகிற வெட்கம் வேறு. எட்டு வயதுப் பிள்ளை தன்னையே நம்பி நிமிர்ந்து பார்க்கும்போது வருகிற வெட்கம் அவருக்குப் புதிது. தெரியாதும்மா என்றார். ஆயுளில் அவர் போட்ட ஒரே உண்மையான மதிப்பெண் அதுதான்.

மகள் அழுவாள் என்று பார்த்தார், அழவில்லை. அந்த சார் தப்பாக எழுதிவிட்டார், நீதானே அவருக்குப் பெரிய ஆபீசர், நீ போய் மாற்றிவிடு என்று மிகச் சாதாரணமாகச் சொன்னாள். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, பிள்ளை சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்டாள். விழுந்தது என்றார். மாற்றுகிறேன் என்று மகள் தலையில் கை வைத்துச் சொன்னார். அப்போது அவர் அதை மனதாரத்தான் சொன்னார், அந்தப் புண்ணியத்தை அவருக்குக் கொடுத்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை காலை படிவத்தைத் திறந்தார். நாற்பத்தேழு: ஒரு டிக், பக்கத்தில் ‘மிக நன்று’. பேனாவின் மூடியைக் கழற்றினார். அந்த ஒரு டிக்கை அடித்துத் திருத்தினால் உதவியாளர் பொய் சொன்னதாக ஆகும். ஏன் பொய் சொன்னார் என்று கேள்வி வரும். பள்ளியின் தரம் இறங்கும். தலைமையாசிரியை சும்மா இருக்க மாட்டாள், பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போவாள். அப்புறம் மற்ற பள்ளிகள், மற்ற வருஷங்கள். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் உடுத்தியிருக்கிற துணி முழுவதும் பிரிந்துவிடும் போலிருந்தது.

ஏதாவது திருத்த வேண்டுமா சார் என்று உதவியாளர் கேட்டார்.

ஒன்றும் இல்லை என்றார். கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். பதினோரு வருஷப் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடுமா?

சாயங்காலம் மகள் அதே வாசற்படியில் காத்துக்கொண்டிருந்தாள். மடியில் பாடப் புத்தகம்.

“மாத்திட்டியாப்பா?”

தெருவில் யாரோ போனார்கள். அவர் போகிறவர்களைப் பார்த்தார்.

“மாத்திட்டேம்மா.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

மகள் முகம் மலர்ந்துவிட்டது. கைதட்டல் வாங்கியதைச் சொன்னபோதுகூட அவள் இப்படிச் சிரிக்கவில்லை.

“அப்போ திங்கட்கிழமையிலேர்ந்து டீச்சர் எனக்குச் சொல்லிக்கொடுப்பாங்கல்ல?”

சொல்லிக்கொடுப்பார்கள் என்று அவர் தலையை ஆட்டினார். அவள் புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டு, திங்கட்கிழமைக்காகப் பென்சில் சீவ உட்கார்ந்தாள்.