பேச்சுவார்த்தை இல்லாத அத்தை

"சாட்சி சொல்ல வந்த மனுசன போய்ட்டு வாங்கன்னு தொரத்திட்டு வந்து நிக்கிறா பாருங்க! யாருக்காக வந்தாரு அவரு? உனுக்காகடி, உனுக்காக!"

ராணியம்மாள் கத்தினால் ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி இருக்கிறது. அதில்தான் நான் துணி காயப்போடுவேன். அன்றைக்குத் துவைத்த துணி என்று ஒன்றும் இல்லை. இருந்த ஒரு துண்டையே உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அவரு பாத்தாராம்மா?" என்றாள் மகள் தேவயானி. "அவரு பொறக்கறதுக்கு முன்னாடி நடந்த சங்கதி. யாரு சொன்னாங்க தாத்தான்னு கேட்டேன். போன வாரம் உங்கம்மாதான் சொல்லிக் குடுத்தாங்கன்னாரு. அத்தினி பேரு முன்னாடி."

"அந்த ஆளுக்கு வாயி ஓட்ட. அத உடு. ரெண்டு கோவிந்தன்னு சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு. நீ சொன்னத சொன்னாரு."

"எதச் சொன்னா இன்னா? கல்யாணம் நடக்கும்ல? அத்தோட உட்டியா நீ? பெத்தவ பேர போர்டுல எழுதி அம்புக்குறி வேற போட்டியே!"

போர்டில் எழுதியது உண்மை. நான் கண்ணால் பார்த்தேன். வகுப்பில் மூன்றாவது வரிசை எனக்கு. அங்கிருந்தால் டீ வரும்போது முதலில் தெரியும்.

தேவயானி பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமுதாயக் கூடத்தில் குடிவழி வகுப்பு எடுக்கிறாள். அவரவர் வம்சத்தை அவரவரே சரியாகத் தேடி எழுதுவது எப்படி என்று சொல்லித்தருவது. சாதிச் சான்றிதழ் வாங்க உதவும் என்று யாரோ கிளப்பிவிட்டதில் முதல் நாள் கூடம் நிரம்பிவிட்டது. உதவாது என்று அவளே சொன்ன பிறகு பாதிப்பேர் எழுந்து போனார்கள். மீதிப்பேர் டீக்கும் பன்னுக்கும் உட்கார்ந்தோம்.

அவள் வகுப்பில் பாட்டனாரிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது. உன்னிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போகவேண்டும். யார் என்ன சொன்னாலும், "யாரு சொன்னாங்க? அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? நேர்ல பாத்தாங்களா?" என்று மூன்று கேள்வி. இந்த மூன்றையும் கேட்டால் எங்கள் ஊரில் பேச்சு என்பதே நின்றுபோகும். அது அவளுக்குத் தெரியாது, படித்த பிள்ளை.

இந்த வகுப்புக்கு மலைக்குக் கீழே ஆலங்காயத்திலிருந்து ஒருவன் வந்தான். சதீஸ்குமார். சோலார் கம்பெனியில் வேலை, புது பைக், அப்பா இல்லை. அவர்கள் குடும்பத்தில் தலைமுறையாக ஒரு பேச்சு உண்டாம்: நாம் மலையில் கோவிந்தன் வீட்டு வழி என்று. அந்த வழியைத் தேடத்தான் வந்தான். ஆனி மாதம் அவளை டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஆவணிக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டான். வகுப்பு முடிந்த பிறகும் இருவரும் போர்டை அழித்துக்கொண்டே இருப்பார்கள். எத்தனை பெரிய போர்டு அது?

ராணியம்மாளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. தேவயானியின் அப்பாவுக்கும் பிடித்திருக்கலாம். அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. பெண் கேட்க வரும் நாள்கூடப் பேசியாயிற்று. அந்த நேரம் பார்த்து இரண்டு பேரின் குடிவழிச் சார்ட்டும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டப்பட்டன.

தேவயானிக்கு அப்பாவின் தாத்தா பெயர் கோவிந்தன். சதீஸுக்கும் அப்பாவின் தாத்தா பெயர் கோவிந்தன். ஊருக்கு அது போதாதா? ஒரே கோவிந்தன்தான், மலையில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் என்று சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது. அப்படியானால் இரண்டு வீடும் பங்காளி. பையனும் பெண்ணும் அண்ணன் தங்கச்சி. செய்தி ஆலங்காயம் போய்ச் சேர்ந்ததும் பையனின் அம்மா வெள்ளையம்மாள், "தங்கச்சி மொறைக்குத் தாலி கட்டுவியாடா?" என்று கேட்டுச் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டாளாம். சதீஸ் சொன்னது இது.

அதற்கு மருந்தாகத்தான் ராணியம்மாள் சிங்காரத்தைப் பிடித்தாள். ஊரிலேயே வயதானவர், எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். அவர் டீக்கடைக்காரரிடமும் ரஞ்சித்குமாரிடமும் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வரிசையாக எழுந்து, கோவிந்தன் இரண்டு பேர், தெரியாதா, என்றார்கள். தேவயானி ஒவ்வொருவரையும் யார் சொன்னது என்று கேட்டாள். இரண்டு பேர் சிங்காரத்தைக் காட்டினார்கள். சிங்காரம் ராணியம்மாளைக் காட்டினார். போர்டில் மூன்று பேர் பெயரையும் எழுதி, மூன்று அம்புக்குறியும் போய் முடிந்த இடத்தில் அம்மா பெயரை எழுதிக் கோடு போட்டாள். "மூணு சாட்சி இல்லீங்க. ஒண்ணுதான். அதுவும் பாக்காத சாட்சி" என்றாள். ராணியம்மாள் வகுப்புக்கு வராதவள். அன்றைக்கென்று டீ கொண்டுவந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் சண்டை இன்னும் முடியவில்லை.

"பொய்யிமேல பந்தல் போட சொல்றியாம்மா? நாளைக்கே எவனாச்சும் கெளறுவான். அப்ப புள்ளய வெச்சிக்கினு நான் நிக்கணும்."

"அப்ப இப்பிடியே நில்லு. தல நரைக்கிற வரிக்கும் போர்டு அழி!"

அன்றைக்குத் தேவயானி சாப்பிடவில்லை. தட்டு வைத்த சத்தம் கேட்டது, கழுவின சத்தம் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு சார்ட்டையும் கழற்றி மேசைமேல் விரித்தாள். கண் வீங்கியிருந்தது, குரல் சாதாரணம்தான். "நம்ம எல்லார் சார்ட்லயும் ரெண்டு தப்பு கீது" என்றாள். "ஒண்ணு, பொம்பளைங்கள உட்டுட்டோம். பாருங்க, எங்க தாத்தாவுக்குக் கூடப்பொறந்தவங்களே இல்லாத மாதிரி எழுதிக்கீறேன் நானே. ரெண்டு, பேசிக்காத வூட்டுக்கு யாரும் போகல. சண்ட போட்டவங்க கிளைய அப்பிடியே காலியா உட்டுட்டோம்."

எல்லோரும் அவரவர் சார்ட்டைப் பார்த்தார்கள். நிஜம்தான். எங்கெங்கே வெற்றிடமோ அங்கங்கே ஒரு சண்டை. ரஞ்சித்குமார் தன் சித்தப்பன் குடும்பத்தையே விட்டிருந்தான், ஒரு பலாமரத்துக்காக.

"உங்க சைடுல வயசானவங்க யாரு கீறாங்க?" என்று சதீஸைக் கேட்டாள்.

"யாரும் இல்ல."

"யாருமே இல்லியா, இல்ல யார்கிட்டயும் பேசறதில்லியா?"

"ஒரு அத்த கீறாங்க. சம்பூர்ணம். அப்பாவோட அக்கா" என்றான். அவன் அக்கா கல்யாணத்துக்கு வைத்த பேனரில் சொந்தக்காரர் அத்தனை பேர் படமும் இருந்ததாம், யாரோ கட்சிக்காரர் படம்கூட. சம்பூர்ணம் படம் மட்டும் இல்லை. பந்தலிலிருந்து எழுந்து போனவள் அதற்குப் பிறகு இவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இத்தனைக்கும் அதே ஆலங்காயத்தில் அடுத்த தெருவில் இருக்கிறாள்.

புதன்கிழமை ஆலங்காயம் பஸ்ஸில் தேவயானி போனாள். பெண் தனியாகப் போகக் கூடாது என்று நானும் போனேன். யாரும் என்னைக் கூப்பிட்டார்களா என்பது இங்கே முக்கியமில்லை. "பெரிம்மா, நீங்க எதுவும் எடுத்துக் குடுக்கக் கூடாது. ரெண்டு கோவிந்தனான்னு கேக்கவே கூடாது. நாம கேக்கறத வெச்சே பதிலு வந்துடும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சரி என்றேன். சதீஸ் கீழே பஸ் ஸ்டாண்டில் எங்களோடு சேர்ந்துகொண்டான்.

சம்பூர்ணம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் சதீஸைப் பார்த்ததும் கை நின்றது.

"யாரு, எங்கப்பன் ஆதிநாராயணன் பேரனா? வழி தெரிஞ்சுதா உனுக்கு?"

"நம்ம குடும்ப சார்ட் போடறோம் அத்த. உங்கள கேக்காம முடியாதுன்னு டீச்சர் சொன்னாங்க."

"பேனர்ல எடம் இல்ல, சார்ட்ல எடம் கீதா?"

"கீது அத்த. முன்னாடியே வெச்சிருக்கணும். தப்புதான்."

அவள் அவனை ஒரு பாட்டம் திட்டினாள். வெள்ளையம்மாளை இரண்டு பாட்டம். தேவயானி பொறுமையாக உட்கார்ந்து கடலை உரித்தாள். தான் யார் வீட்டுப் பெண் என்று சொல்லவில்லை. திட்டு ஓய்ந்ததும், "நீங்க சின்ன புள்ளயா இருக்கச்சொல்ல உங்க வூட்டுக்கு மலைலருந்து யாருனா வருவாங்களா அத்த?" என்றாள்.

"வராம? வருசாவருசம் மாசி மாசத்துல புளி தூக்கினு வருவாரே. தங்கவேலு."

தேவயானியின் கையிலிருந்த கடலை அப்படியே நின்றது. தங்கவேல் என்பது அவளுடைய தாத்தா, மலைக் கோவிந்தனின் மகன். எங்கள் மலையில் மலையை விட்டுப் போன பங்காளிக்கு அவன் மரத்துப் புளியை மற்ற பங்காளிகள் அனுப்பிவைப்பது வழக்கம். அதனால் எனக்கு விஷயம் முடிந்துவிட்டது. ஒரே கோவிந்தன்தான், புளியே சொல்லிவிட்டது. சதீஸ் தரையைப் பார்த்தான். நான் பஸ் நேரத்தை யோசித்தேன்.

தேவயானி மட்டும் எழுந்திருக்கவில்லை. "அவர நீங்க இன்னான்னு கூப்புடுவீங்க அத்த?" என்று கேட்டாள்.

"இன்னான்னு கூப்புடுவாங்க? மாமான்னுதான். எங்கம்மா குப்பம்மாவோட கூடப்பொறந்த அண்ணனாச்சே. எங்கப்பன் அவர மச்சான்னு கூப்புடுவாரு. தங்கச்சிக்குப் பொறந்த வூட்டுப் புளி கொணாந்து குடுப்பாரு மனுசன். என் கையாலதான் எறக்கி வெப்பேன். எங்கம்மா செத்தப்ப இவங்கப்பன் கைக்கொழந்த. சித்தி வந்தா, மாமன் வர்றது நின்னுபோச்சு."

பங்காளியாக இருந்தால் சித்தப்பா என்றோ பெரியப்பா என்றோ கூப்பிட்டிருப்பாள். மாமா என்றால் தாய் வழி. கீழே போனது மலைக் கோவிந்தன் இல்லை. அவருடைய மகள் குப்பம்மா. கீழே இருந்த கோவிந்தனின் மகன் ஆதிநாராயணனைக் கட்டிக்கொண்டு போனவள். மலையில் கோவிந்தன் வீட்டு வழி என்று இவர்கள் சொன்னதும் பொய்யில்லை. சம்பந்தி இரண்டு பேருக்கும் ஒரே பெயர், அவ்வளவுதான். மகளை எழுதாமல் விட்டதால் மாமனாரும் மருமகனைப் பெற்றவரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். தங்கச்சியா? தேவயானி அவனுக்கு முறைப்பெண்!

"அடியே, மொறப்பொண்ணுடி நீ!" என்று நான் எழுந்தேவிட்டேன்.

"ஒக்காருங்க பெரிம்மா" என்றாள். "ஒருத்தர் சொன்னது இது. இவங்ககூட சம்பந்தம் இல்லாத இன்னொருத்தர் சொல்லணும்."

கல்யாணப் பெண் பேசுகிற பேச்சா அது? சதீஸ் அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயம்கூட இருந்தது.

மலைக்குத் திரும்பியதும் நேராகச் சிங்காரத்திடம் போனாள். தொரத்திவிட்ட அதே சிங்காரம். அவர் கட்டிலை விட்டு எழவில்லை. "நான்தான் செல்லாத சாட்சியாச்சே. இன்னாத்துக்கு வந்த?" என்றார்.

"நீங்க பாக்காதது செல்லாது தாத்தா. பாத்தது செல்லும். எங்க தாத்தா மாசி மாசத்துல எங்கியாவது போவாரா?"

"புளி தூக்கினு ஆலங்காயம் போவாரு. ஒரு தபா நானும் கூட நடந்துருக்கேன், டவுசர் போட்ட வயசுல. அவரு தங்கச்சி வூட்டுல கறிக்கொழம்பு ஊத்துனாங்க. அந்தம்மா பேருகூட... குப்பம்மா."

"இத ஏன் தாத்தா அன்னிக்கே சொல்லல?"

"யாரு கேட்டா? உங்கம்மா வேற ஒண்ண சொல்லச் சொன்னாங்க."

தேவயானி திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்றாள். புரட்டாசிக் குளிரில் மலையில் யாருக்கு வியர்க்கும்?

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கோர்வையாகச் சொன்னாள்: யார் பார்த்தது, யார் கேட்டது, ஊர் ஏன் தப்பாக நினைத்தது, இன்னும் தெரியாதது எது என்று. வெள்ளையம்மாளும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "சம்பூர்ணம் சொன்னா சரியாத்தான் இருக்கும். அவளுக்கு வாய்தான் கெட்டது" என்றாள். அதுதான் சம்மதம். தேவயானியின் அப்பா முதல்முறையாக வாயைத் திறந்து, "எனக்கு ஒரு அத்தை இருந்தாங்களா?" என்று கேட்டார். ராணியம்மாள், இதைத்தானே நான் அன்றைக்கே சொன்னேன் என்று எல்லோருக்கும் டீ ஊற்றினாள்.

தை மாதம் கல்யாணம். பேனரில் சம்பூர்ணம் படம் மாப்பிள்ளை படத்தைவிடப் பெரிது. தேவயானி மாற்றல் வாங்கிக்கொண்டு ஆலங்காயம் போய்விட்டாள். குடிவழி வகுப்பை இப்போது ரஞ்சித்குமார் எடுக்கிறான். டீ மட்டும்தான், பன் இல்லை. சித்தப்பன் வீட்டோடு அவன் பேச ஆரம்பித்ததில் அந்தப் பலாமரச் சண்டை புதிதாகக் கிளம்பிவிட்டது.

வெள்ளையம்மாள் பங்குனியில் வாணியம்பாடிக்கு மகள் வீட்டோடு போய்விட்டாள். தெருவில் நடந்ததை வீட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையாம்; யார் சொன்னது, நீங்கள் பார்த்தீர்களா அத்தை என்று மருமகள் கேட்கிறாளாம். இதை நான் பார்க்கவில்லை. வெள்ளையம்மாளே பஸ் ஸ்டாண்டில் வைத்து என்னிடம் சொன்னது.