ஒற்றை லேஸ் வாங்குகிறவர்கள்

எங்கள் கடையில் ஷூ லேஸ் ஒற்றையாகக் கிடைக்கும். ஜோடி இல்லை, ஒன்றே ஒன்று. எந்த மடையனும் ஒரு காலுக்கு மட்டும் லேஸ் வாங்கமாட்டான், அது எங்களுக்கும் தெரியும். அது வாடிக்கையாளருக்காக வைத்ததல்ல, என் அக்காவுக்காக வைத்தது. தினமும் காலையில் அக்கா தன் சொந்தக் கார்டில் ஒரு லேஸ் வாங்குவாள். பணம் ஒழுங்காகப் போனால் கடை திறந்துவிட்டது என்று அர்த்தம். இணையத்தில் ஷூ விற்கிற கடைக்கு இழுத்துத் திறக்க ஷட்டர் கிடையாதே, அதனால் இந்த ஏற்பாடு.

அக்காவின் கார்டு வீம்பு பிடித்தது. முதல் தடவையில் போகவே போகாது. அது மக்கர் பண்ணும்போதெல்லாம் என் மேசைக் கணினி மணி அடித்துத் தொலைக்கும். பணம் கட்டும் இடத்தில் எத்தனை பேருக்குக் கட்ட முடியாமல் போகிறது என்று கண்காணிப்பதுதான் என் வேலை. அந்த எண்ணிக்கை திடீரென்று ஏறினால் மணி அடிக்கும். தினசரி இந்தச் சத்தம் தாங்காமல் ஒருநாள் அத்தான், அதாவது அக்காவின் கணவர், கடையின் முதலாளி, லேஸ், சாக்ஸ் மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கு மணி அடிக்கக் கூடாது என்று மாற்றிவைத்துவிட்டார். தலைவலி வந்தால் மாத்திரை போடாமல், தலை இருப்பதையே மறந்துவிடுகிற ரகம் அவர்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் கசந்து, ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் நான். சாப்பாடு அங்கே, படுக்கை அங்கே, சம்பளமும் அத்தான் கையால். அவர் மனசு வைத்தால் மூன்றும் ஒரே நாளில் போய்விடும். அது எனக்குத் தெரியும். நான் மறந்துவிடாமல் அவர் பார்த்துக்கொள்வார்.

பள்ளிக்கூடம் திறக்கப்போகிற வாரம். வருஷத்திலேயே பெரிய தள்ளுபடி. கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. அக்கா அங்கே ஆட்களோடு சேர்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். டேப்பைக் கிழிக்கிற சத்தம் மாடிவரை கேட்டது. நான் மாடியில் திரைக்கு முன்னால் இருந்தேன். முற்பகலில், கட்ட முடியாமல் போகிறவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் சிவப்புக் கோடு திடீரென்று செங்குத்தாக எழுந்தது. மணி அடிக்கவில்லை.

திறந்து பார்த்தேன். அத்தனையும் லேஸ். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. எந்த மனிதக் கையாலும் அந்த வேகத்தில் தட்ட முடியாது. வாங்குகிறவர் பெயர்களெல்லாம் விசைப்பலகையில் முழங்கையை ஊன்றியது மாதிரி இருந்தன. எல்லோருக்கும் ஒரே முகவரி. கார்டு மட்டும் ஒவ்வொன்றும் வேறு.

இது கூட்டமில்லை, திருட்டு. கார்டு எண்களைக் கொத்தாகத் திருடி வைத்திருக்கிறவனுக்கு எது உயிரோடு இருக்கிறது, எது செத்துப்போனது என்று தெரியாது. அதற்காக, போனுக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்காத ஏதாவதொரு கடையில் மிக மலிவான பொருளை ஒவ்வொரு கார்டிலும் வாங்கிப் பார்ப்பான். பணம் போய்விட்டால் கார்டு உயிரோடு இருக்கிறது. அப்புறம் வேறெங்கோ போய் அந்தக் கார்டை வழித்தெடுப்பான். அவன் உரசிப் பார்க்கிற கல்லாக எங்கள் கடை கிடந்தது.

தோல்விகள் என்னைப் பயமுறுத்தவில்லை. நூற்றுக்கணக்கான தோல்விகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக, பணம் போய்விட்டது என்று பச்சை டிக் விழுந்துகொண்டிருந்ததே, அதுதான் பயம். ஒவ்வொரு டிக்கும் எங்கோ உட்கார்ந்திருக்கிற, ஒன்றுமே தெரியாத ஒரு மனுஷனின் கழுத்தில் விழுகிற கத்தி.

லேஸைக் கடையிலிருந்து மறைத்தேன். மூச்சு விடுவதற்குள் சாக்ஸுக்குத் தாவினான். சாக்ஸை மறைத்தேன், பாலிஷுக்குப் போனான். ‘நான் மனிதன்தான்’ என்று டிக் அடிக்கச் சொல்லுகிற பெட்டி இருந்திருந்தால் இவன் வாசலிலேயே நின்றிருப்பான். வருகிறவர்கள் எரிச்சலில் ஓடிவிடுகிறார்கள் என்று அத்தான்தான் அதை முந்தின நாள் எடுக்கவைத்தார். அதைத் திரும்ப வைக்கத் தெரிந்தவர் இணையதளம் கட்டிக்கொடுத்த எஞ்சினியர் ஒருவர்தான். அவர் போன் அணைந்து கிடந்தது. செய்தி போட்டுவைத்தேன்.

டீ டம்ளரோடு அத்தான் மேலே வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“அடேங்கப்பா! கூட்டம் பிச்சுக்கிட்டுப் போகுதே!”

“கூட்டம் இல்லை அத்தான். திருட்டுக் கார்டை நம்ம கடையில போட்டுப் பார்க்கிறான்.”

“ஆபத்துன்னா மணி அடிச்சிருக்கும்ல?”

“லேஸுக்கு அடிக்காதேன்னு வாயைக் கட்டினதே நீங்கதானே!”

அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். “சரி, தோக்கிறது தோக்கட்டும். நமக்கு என்ன நஷ்டம்? நடுவுல நாலு பேர் வாங்குறான் பாரு, அது வரவுதானே?”

“அந்த நாலு பேர்தான் அத்தான் மாட்டிக்கிட்டவங்க. பணம் கட்டுற வழியைச் சாத்துறேன். எஞ்சினியர் வரட்டும், அப்புறம் திறக்கலாம்.”

“இன்னிக்கா? உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா? வருஷமெல்லாம் இந்த ஒரு நாளுக்காக நாயா அலைஞ்சிருக்கேன். நீதிபதி அம்மா தீர்ப்பு சொல்ல வந்துட்டாங்க!” டம்ளரை நங்கென்று வைத்தார். “அதுல கை வச்சே, வீட்டுப் பக்கமே வராதே. சொல்லிட்டேன்.”

சொன்னது காதில் விழுந்தது. விழாமல் என்ன. மேல் அறையில் என் கட்டிலும், அதற்கடியில் அந்தப் பெட்டியும் கண்முன் வந்து நின்றன. அந்த நேரம் பார்த்து இன்னொரு பச்சை டிக் விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயந்து பயந்து ஒரு வீட்டில் குடித்தனம் செய்து பார்த்தாயிற்று, இன்னொரு வீட்டிலுமா? சாத்தினேன். கோடு தரைக்கு வந்து படுத்தது.

அத்தான் ஒரு நிமிஷம் நம்பவில்லை. பிறகு என்னைத் தள்ளாத குறையாக மவுஸைப் பிடுங்கி, திறக்கிற பொத்தானை அழுத்தினார். என் கையிலிருந்த போன் அதிர்ந்தது. வழியைத் திறக்க ஒரு ரகசிய எண் வேண்டும், அது என் போனுக்குத்தான் வரும். மாதத்துக்கொரு போனைத் தொலைக்கிறவர் என்பதால் அவரே என் எண்ணைக் கொடுத்துவைத்திருந்தார்.

“நம்பரைச் சொல்லு.”

“மாட்டேன்.”

மறுபடி அழுத்தினார். மறுபடி அதிர்ந்தது. அவர் அழுத்த அழுத்த என் உள்ளங்கையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. சிரிப்பு வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டு அக்கா மேலே ஓடிவந்தாள், முழங்கையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தது.

“உன் தங்கச்சி கடைக்குப் பூட்டுப் போட்டுட்டா!” என்றார் அத்தான்.

அக்கா என்னைப் பார்த்தாள். “நிஜமாத்தான் திருட்டா? உனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

அவள் முழங்கையில் ஒட்டியிருந்த டேப்பை உரிக்க ஆரம்பித்தாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வலித்தது.

அப்போது கடைப் போன் அடித்தது. அத்தான் குரலில் சர்க்கரையைக் கலந்துகொண்டு, ஸ்பீக்கரைப் போட்டு, “வணக்கம், சொல்லுங்க!” என்றார்.

ஒரு பெண் குரல், மூச்சிரைக்கப் பேசியது. “உங்க கடையில நான் ஏதோ லேஸ் வாங்கினதா மெசேஜ் வந்துச்சு, அதுல இந்த நம்பர் இருந்துச்சு. நான் எதுவும் வாங்கலைங்க. தப்பா வந்திருக்கும்னு விட்டுட்டேன். இப்ப வேற எங்கேயோ மொத்தமா எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில பில் கட்ட நிக்கிறேன், கார்டுல ஒண்ணுமே இல்லைங்கிறாங்க. என் புருஷனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். நீங்க யாருங்க? என்ன கடை?”

அத்தானின் முகம் வெளுத்துப்போனது. பிறகு, “ராங் நம்பர்மா. அது எங்க கடை இல்லை,” என்று சொல்லிவிட்டு வைக்கப் போனார்.

அவர் கையிலிருந்து போனைப் பறித்தேன். அதுவரை அவர் கையில் இருந்த எதையும் நான் பறித்ததில்லை.

“எங்க கடைதாங்க,” என்றேன். “எங்க கடையிலதான் நடந்துச்சு. வாசலைத் திறந்து போட்டது நாங்கதான். இப்பச் சாத்திட்டேன். நீங்க முதல்ல பேங்குக்குப் போன் பண்ணி அந்தக் கார்டை நிறுத்துங்க. அப்புறம் இதே நம்பருக்குக் கூப்பிடுங்க. உங்களுக்கு என்ன எழுதித் தரணுமோ எங்க கடை பேர் போட்டு எழுதித் தர்றேன். ஆஸ்பத்திரியில யாராவது கேட்டாலும் அவங்ககிட்ட நானே பேசுறேன்.”

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். “முதல்ல பேங்குங்க,” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

“எழுந்திரு,” என்றார் அத்தான். “அந்த நாற்காலியை விட்டு எழுந்திரு. இனிமே உனக்கும் இந்தக் கடைக்கும் சம்பந்தமில்லை. பெட்டியை எடுத்துட்டுக் கிளம்பு.”

“ஏங்க…” என்றாள் அக்கா.

எழுந்தேன். அவர் நாற்காலியை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் திரையைத் திருப்பி, பச்சை டிக் விழுந்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்தேன். கார்டு கொடுத்த பேங்குகளின் பெயர்கள் அங்கே இருந்தன. வரிசையில் முதல் பேங்குக்குப் போன் போட்டேன்.

“காது கேக்கலையா? கிளம்புன்னு சொன்னேன்!”

“கிளம்புறேன் அத்தான்,” என்றேன். “இவங்க எல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் கிளம்புவேன்.”

மறுமுனையில் எடுத்தார்கள். மேசையில் ஒரு கையை ஊன்றி, நின்றபடியே, கடையின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.