சுருதி இறங்கிய குரல்

ஆகஸ்டு ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து காற்று அசையவில்லை. மேகமோ கூரைகளுக்குச் சற்று மேலே இறங்கி நின்றுகொண்டு, பெய்யவும் மாட்டேன், கலையவும் மாட்டேன் என்று அடம்பிடித்தது.

அத்தகைய பிற்பகலில், மூடப்பட்ட நூற்பாலை ஒன்றின் முற்றத்தில் எழுப்பப்பட்டிருந்த மேடைக்குப் பின்னால், பாதரசம் தன் ஹெட்ஃபோனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாதரசம் என்பது, ஹவுஸ் என்னும் மின்னணு நடன இசையைக் கேட்போர், பாட்டோடு பாட்டை இழைத்து ஒலிக்கும் டிஜேயான அவளுக்கு இட்ட பெயர். திருநங்கையாகிய அவள், பெற்றோர் இட்ட பெயரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவள். அண்ணன் அவளுடைய இசைக் கருவிகளை ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்து நொறுக்கி, "அடுத்தது நீதான்" என்று சொன்ன அன்றே அவள் ஊரைவிட்டு வெளியேறினாள். அவன் சொன்னதைச் செய்பவன். இதில் குடும்பத்தார் எவருக்கும் ஐயமில்லை. ஆகவே வெள்ளி முகமூடி இன்றி அவள் மேடை ஏறியதில்லை; பேட்டி அளித்ததும் இல்லை, மேடையில் மைக்கைத் தொட்டதும் இல்லை.

அவளது புகழ் முழுவதும் ஒரே பாடலின் மீது நின்றது. அதிலே தாளத்தின் மேல் ஒரு பெண் குரல் முனகும். அக்குரலுக்கு உரியவள் யார் என்று ரசிகர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். உண்மையில் அது அவளுடைய பழைய குரலே. முன்னொரு காலத்தில் குளியலறையில் பதிவு செய்ததைக் கணினியில் சுருதி உயர்த்தி வைத்திருந்தாள்.

டிஜேயின் கருவியில், பாட்டின் வேகத்தை மாற்றும்போது சுருதி மாறாமல் காக்கும் பொத்தான் ஒன்று உண்டு. சென்ற மாதம் வானொலி நேரலையில், அடுத்த பாடலோடு இழைப்பதற்காக வேகத்தை வெகுவாகக் குறைத்தவள், அப்பொத்தானை அழுத்த மறந்துபோனாள். குரல் சரிந்தது. சில விநாடிகள், ஒரு காலத்தில் மொட்டை மாடியில் பாடித் திரிந்த பையனின் குரல் நாடெங்கும் ஒலித்தது.

அதைக் கேட்டு ஆடியவர்கள் கவனிக்கவில்லை. ஒருவன் கவனித்துவிட்டான்.

மேடை ஏறுவதற்குச் சற்று முன் தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, எங்க இருக்க? அண்ணன் காலைலயே வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். ஒரு வாரமா அந்த ரேடியோப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருந்தான். பாட்டு பிடிச்சுப்போச்சாக்கும்னு நெனச்சேன்க்கா."

"ஏதாவது சொன்னானா?"

"சிரிச்சான். அதான் பயமா இருக்கு."

பாதரசம் தொலைபேசியை வைத்தாள். அண்ணனைப் பற்றி அவள் சொல்லி அறிந்திருந்த ஒலிப் பொறியாளர், அவளது முகத்தைக் கண்டு, சுருட்டிய கம்பியோடு அருகில் வந்தார். எல்லாரும் அவரைச் 'சவுண்டு' என்றே அழைப்பர்.

"பேசாம கிளம்பும்மா. காய்ச்சல்னு சொல்லிக்கலாம்."

"இன்னைக்கு ஓடினா நாளைக்கு எந்த மேடைல நிப்பேன் அண்ணே?"

"அண்ணேன்னு கூப்பிடாத. உன் அண்ணன் பண்ற வேலைக்கு எனக்கு அந்தப் பேரே அரிக்குது."

சிரித்தாள், முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மேடையில் முதல் ஒரு மணி நேரம் குறையின்றிக் கழிந்தது. பின்னர், ஆடுகின்ற ஆயிரம் தலைகளுக்கு நடுவே ஆடாத ஒரு தலையை அவள் கண்டாள். நீலச் சட்டை. அண்ணன் கைகட்டி நின்றிருந்தான். ஹவுஸ் இசையில் ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தது அதன் வயிற்றிலிருந்தே எழும்; இடைவெளி என்பதே இல்லை. ஆகவே தாளம் உள்ளவரை கூட்டம் கலையாது, அவனாலும் மேடையை எளிதில் எட்ட முடியாது. ஆனால் ஆறு மணிக்குத் தாளத்தை நிறுத்தியாக வேண்டும் என்பது நகராட்சியின் ஆணை. அவனும் அதை அறிந்திருந்தான் போலும், அவசரமே காட்டவில்லை. அவளோ பாட்டின் மேல் பாட்டாக இழைத்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் அவன் ஓரடி முன்னே வந்திருந்தான்.

இருட்டில் அடிப்பவனை வெளிச்சத்தில் நிறுத்திவிட்டால் அடிக்க மாட்டான் என்று அவள் கணக்குப் போட்டாள். முகமூடியைக் கழற்றினாள். மேடையில் முதன்முறையாக மைக்கைத் திறந்தாள்.

"முன்னாடி நீலச் சட்டைல நிக்கிறவர் என் அண்ணன். எல்லாரும் அவர நல்லாப் பாத்துக்கோங்க."

அவள் நினைத்தது ஒன்று. கூட்டம் எடுத்துக்கொண்டது வேறொன்று.

"அண்ணனாம்டா! வழி விடுங்கப்பா!"

"வெக்கப்படாம ஏறுங்கண்ணே, தங்கச்சி கூப்பிடுது!"

நெருக்கம் இரண்டாகப் பிளந்தது. முகம் தெரியாத கைகள் அவனை அன்போடு தள்ளி, தூக்கி, மேடையிலேயே ஏற்றிவிட்டன. சவுண்டு கம்பிகளைத் தாண்டி ஓடி வருவதற்குள் அவன் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டான். கூட்டம் விசிலடித்தது. அவனது கட்டைவிரல் அவள் தொண்டைக்குழியில் பதிந்தது. வாய் காதருகே வந்தது. மைக் அவர்கள் இருவரின் முகவாய்க்கு இடையில் இருந்தது. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. இத்தனை இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

அவளுடைய இடக்கை, ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரின் மீது கிடந்தது. இசையின் விசையை மெல்லக் கீழே இறக்கி, மைக்கின் விசையை மேலே தள்ளினாள்.

"சிரிச்சுக்கிட்டே இறங்கு. வண்டி வெளில நிக்குது. கத்தினா இங்கயே கழுத்த நெரிச்சிருவேன்."

அச்சொற்கள் எட்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் மலையளவு எழுந்து, ஆலைச் சுவரில் மோதித் திரும்பின. உயர்ந்திருந்த கைகள் உயர்ந்தபடியே நின்றன. அண்ணன் நிமிர்ந்தான், இறங்கும் வழியைத் தேடினான். சற்றுமுன் பிளந்த கூட்டம் தோளோடு தோளாக மூடிக்கொண்டிருந்தது. எல்லாரும் அவனுடைய கையை மட்டுமே பார்த்தார்கள். விரல்கள் ஒவ்வொன்றாக அவள் கழுத்தைவிட்டு நீங்கி முடிந்தபோது, மணி ஐந்து ஐம்பத்தொன்று; தாளம் நிற்க வேண்டிய நேரத்துக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.