இடப்பக்க மூக்கு

இப்படிக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் சரிதான். ஒரு மூக்கின் கதை சொல்லப் போகிறேன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

ஒரு தையல்காரர். கீழ்த்தாடைக்குள் கட்டி வளர்ந்து, தண்ணீர் குடித்தாலே கண் கலங்கும் வலி. ஆபரேஷனுக்கு நாள் குறித்து மனைவியோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். வாய்க்குள் கத்தி வேலை செய்யும்போது மயக்கத்தில் மூச்சு கொடுக்கும் குழாயும் அங்கே குறுக்கே கிடக்க முடியாதே? அதனால் அந்தக் குழாயை மூக்கு வழியாக இறக்க வேண்டும். அது மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவின் பொறுப்பு.

"மூக்குல எப்பவாவது அடி பட்டிருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

தையல்காரர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். "இல்லைங்கம்மா. நல்ல மூக்கு."

"நல்லா நீளமாவும் இருக்கு," என்ற டாக்டரம்மா, சின்னக் கண்ணாடி ஒன்றை அதன் அடியில் பிடித்து, ஒரு பக்கத்தை விரலால் மூடி மூச்சு விடச் சொன்னார். வலப்பக்கத்து மூச்சில் கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது. இடப்பக்கத்துக்குக் கடுகளவு.

"இந்தப் பக்கம் தூங்குதே?"

"சளிம்மா."

"சளின்னா இன்னைக்கு வேண்டாம். சரியானதும் வாங்க. பழைய அடின்னா வேற. உள்ளே வளைஞ்சிருக்கறது தெரியாம அந்தப் பக்கம் குழாயை விட்டா, கிழிஞ்சு ரத்தம் கொட்டும். அது தொண்டையில இறங்கினா மூச்சுக்கே ஆபத்து. அதான் கேக்கறேன்."

தையல்காரர் தாடையைப் பிடித்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கினார். "அப்போ சரியானதும் வரோம்."

அந்த வலியோடு யாராவது வீட்டுக்குத் திரும்புவார்களா? அவர் செருப்பைத் தேடினார்.

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "சளியும் இல்லை, ஒண்ணும் இல்லைங்கம்மா. நான் போட்ட போடு. கல்யாணமான புதுசுல ஜன்னல் கதவைப் படார்னு திறந்தேன். இவர் வெளியே நின்னு எட்டிப் பார்த்துட்டிருந்தார். மூக்கு வீங்கிப் போச்சு. ஒண்ணுமே ஆகலைன்னு சிரிச்சார்."

"ஒண்ணும் ஆகலைதானே," என்றார் அவர், தரையைப் பார்த்து.

"பக்கத்துல படுக்கறவளுக்குத் தெரியாதா? இடப்பக்கம் திரும்பிப் படுத்தாத்தான் உங்களுக்கு மூச்சு லேசா வருது. நீங்க அந்தப் பக்கம் திரும்பணும்னுதானே நான் கட்டில்ல இடம் மாறினேன்."

"வெளிச்சத்துல கண்ணு கூசுதுன்னு சொன்னியே?"

"நீங்க ஒரு பொய் சொன்னா நான் ஒண்ணு சொல்லக் கூடாதா?"

டாக்டரம்மா டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். இடப்பக்கம் வளைந்துதான் இருந்தது. "அப்போ வலப்பக்கம். முதல்ல சொட்டு மருந்து விட்டு உள்சதையைச் சுருங்க வைப்பேன். குழாயை வெதுவெதுப்பான தண்ணியில போட்டு இளக்குவேன். முனையில மெத்துனு ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதை முன்னால அனுப்புவேன்."

"பாவாடைக்கு நாடா கோக்கற மாதிரியா?"

"அதேதான். ஊக்கு மட்டும் கிடையாது. இவ்வளவு செஞ்சும் துளி ரத்தம் வரலாம். வந்தா நான் பார்த்துக்கறேன்."

மனைவி வெளியே உட்கார்ந்து அவர் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். கதவு திறந்து டாக்டரம்மா வந்தார். "கட்டியை எடுத்தாச்சு. மூக்குல ஒரு பொட்டு ரத்தம் இல்லை."

கண் விழித்தபோது தாடையில் கட்டு. அவரால் பேச முடியவில்லை. ஒரு கையால் மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார். மறு கையால் இடப்பக்க மூக்கைத் தொட்டுக் காட்டி, வலிக்கவே இல்லை என்று தலையாட்டினார்.

"தெரியும், தெரியும்," என்ற அவள், நாற்காலியை இழுத்து அவருக்கு இடப்பக்கமாகப் போட்டுக்கொண்டாள்.

உங்கள் வீட்டு ஜன்னல்கள் மெதுவாகவே திறக்கட்டும், கண்ணுகளா. அங்கே படுத்துறங்கும் எல்லோருக்கும் மூச்சு தாராளமாக ஓடட்டும். டாக்டர் கேட்கும்போது உள்ளதைச் சொல்ல வாய் வரட்டும்; வராதவர்களுக்குச் சட்டையைப் பிடித்து உட்கார வைக்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்.