ஒற்றைச் சாவி

தகர இடுக்கில் முதலில் விரல்கள் வந்தன, பிறகு சாவி. "புடி, வண்டி வந்துடுச்சு" என்றார் என் வீட்டுக்காரர். நான் வாங்கியதுமே அந்தப் பக்கம் கூட்டம் அவரை நெட்டித் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அன்றைய குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான்.

ஸ்டேஷனைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய படிக்கட்டை இடித்ததில் ஆரம்பித்த கூத்து இது. மீதியிருந்த வழியின் நடுவே தகரம் அடித்து, ரயிலேறப் போகிறவர்களுக்கு ஒரு பக்கம், இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டார்கள். வேலை முடியும் தேதியைப் போட்ட பலகையில் தேதி மேல் தேதி ஒட்டி, அந்த இடம் மட்டும் புடைத்துப்போயிருக்கிறது.

எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பகல் வேலை. நாள் முழுக்க நின்றபடியே படுக்கை விரிப்பு மடிக்க வேண்டும். அவருக்கு ரொட்டிக் கம்பெனியில் இரவு வேலை. லீவும் ஒரே நாளில் அமையாது; என் லீவில் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். நான் இறங்கும் நேரத்தில் அவர் ஏற வருவார். முன்பெல்லாம் பழைய படிக்கட்டின் திருப்பத்தில் சாவி கைமாறும். கூடவே கொஞ்சம் பேச்சு: குழாயில் தண்ணீர் வரவில்லை, உன் தம்பி போன் பண்ணினான், கால் வீங்கியிருக்கிறதே, மாத்திரை போட்டாயா. சில நாள் சும்மா நிற்போம். அவர் திரும்புமுன் நான் கிளம்பிவிடுவதால், காலையில் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கும். மாலையிலும் அவர் அங்கேயே கொடுத்துவிட்டு வரலாம். இல்லை, இன்னொரு சாவி போட்டுக்கொள்ளலாம். "ஏன்டி ரெண்டு பேரும் இப்படி அல்லாடறீங்க?" என்று அக்கா கேட்காத வாரமில்லை. நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஏன் என்று பேசிக்கொண்டதும் இல்லை.

தகரம் வந்தபின் ஆணி கழன்ற அந்த இடுக்குதான் கதி. அவர் விழித்திருக்கும்போது முகம் பார்த்தே நாளாகிறது. கையைத்தான் பார்க்கிறேன், எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் மாவு போகாத கை.

நேற்று அந்தக் கையில் புத்தம் புதுச் சாவி ஒன்று பளபளத்தது.

"இந்தா, உனக்குன்னு ஒண்ணு போட்டுட்டேன். இனிமே இந்தப் புழுதியில காத்துக்கிடக்க வேணாம். நேரா வீட்டுக்குப் போயிடு."

என் காலை நினைத்துத்தான் செய்திருக்கிறார். நல்ல மனுஷன். அந்த நல்ல மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. "சரிங்க" என்றேன். அழுகை முட்டியது. தகரம் மறைத்ததால் அவருக்குத் தெரியவில்லை.

இன்று இடுக்கருகே நிற்காமல் வெளியே வந்தேன். புதுப் படிக்கட்டின் கீழ்ப்படிக்கு, அதிசயமாக, கான்கிரீட் கொட்டியிருந்தார்கள். கொத்தனார் கரணையால் மட்டம் செய்துகொண்டிருந்தார்.

"ஓரமா போங்கம்மா, இன்னும் இறுகல."

"எப்பண்ணே முடியும்?"

"அதை ஏன் கேக்கறீங்க. கம்பி வந்தா சிமெண்ட் வராது. சிமெண்ட் வந்தா எங்களைக் கூப்பிட மாட்டாங்க."

அவர் தண்ணீர் வாளியை எடுக்கத் திரும்பினார். நான் கைப்பையிலிருந்த புதுச் சாவியைப் படியில் போட்டேன். சத்தமே இல்லை. தலை மட்டும் வெளியே தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு, போனை எடுத்தேன்.

"ஏங்க, சாவியத் தொலைச்சுட்டேன்."

"நேத்துதானே குடுத்தேன்!" ரயில் வந்து நிற்கும் இரைச்சல் கேட்டது. "சரி, இடுக்குகிட்ட நில்லு. இந்த வண்டிய விட்டுடறேன்."

"லேட்டானா சூப்பர்வைசர் கத்துவானே?"

"கத்தட்டும்."

வந்த வழியே எதிர்க்கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பிப் போய் நின்றேன். கால் விண்விண்ணென்று தெறித்தது. இடுக்கில் விரல்கள் வந்தன, பிறகு பழைய சாவி. நான் அதைப் பிடித்தேன்.

"விரல்ல என்ன, சிமெண்டா?" என்றார்.

வெளியே கரணை படியைத் தேய்க்கும் சத்தம் இங்கே வரை கேட்டது. அவர் சாவியை விடவில்லை. நானும் இழுக்கவில்லை.