மூன்று விநாடி

பொன்னுதாசைக் குளிப்பாட்ட வருவதாகச் சொன்ன சித்தப்பா மகன், ஆரியங்கோட்டிலிருந்து கிளம்பும் முன்பே இடுப்பு பிடித்துக்கொண்டது என்று போன் செய்தான். ஆனந்தபாய் போனை வைத்துவிட்டு, அண்டாவிலிருந்த வெந்நீரைக் குடத்தில் மொண்டாள். மணி ஒன்றரை. நாலு மணிக்கு அடக்கம். முற்றத்தில் வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்த முப்பது நாற்காலிகளில் ஆறில்தான் ஆள் இருந்தது.

"இனி யாரும் வரமாட்டாவ மைனி. நாமளே செய்வோம்" என்றாள் ரோசம்மா. புருஷன் செத்து முப்பது மணி நேரமாகியும் அவள் அழவில்லை. நாத்தனாரான ஆனந்தபாய் அவள் முகத்தைப் பார்க்காமல் வெந்நீரில் பச்சைத்தண்ணீர் கலந்தாள்.

பொன்னுதாஸ் ஆனந்தபாயின் ஒரே தம்பி. பாறசாலை ரயில் நிலையத்து ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினான். மூன்று வருஷத்துக்கு முன் லாரி இடித்துத் தொடை முறிந்தபோது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு குப்பி ரத்தம் ஏற்றினார்கள். மறு வருஷம் காய்ச்சல் விடாமல் வந்து சோதித்ததில் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. பெண்சாதியிடமும் அக்காவிடமும் மட்டும் சொன்னான். "வேற ஒரு ஆளு அறியக்கூடாது" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

ரத்தம் ஏற்றிய ஆஸ்பத்திரிக்காரர்கள், எங்கள் தப்பில்லை என்று கையை விரித்தார்கள். தம்பி அடங்கிப் போனான்; ஆனந்தபாய்க்கு அடங்கவில்லை. சோதிக்காத ரத்தத்தைப் பற்றி ஒரு இணையச் சேனல்காரன் தோண்டிக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, நெய்யாற்றின்கரைக்குப் போய் ஜெனில் என்ற அவனைப் பார்த்தாள். ரோசம்மா குளிக்கப் போன நேரம் அவள் சாவியால் பீரோவைத் திறந்து, தம்பியின் ஆஸ்பத்திரி ஃபைலை யாரும் அறியாமல் எடுத்து, நகல் போட்டுக் கொடுத்தாள். பேரு வராது, முகம் வராது என்று அவன் வாக்குக் கொடுத்தான்.

இரண்டும் வரவில்லை. ஆனால் வீடியோவில் மூன்று விநாடி இந்த வீட்டின் வாசல் வந்தது. சாய்ந்து நிற்கும் சாம்பை மரமும் அதன் கீழே ஆட்டோவும். அன்று பொழுது சாய்வதற்குள் ஸ்டாண்டு முழுக்க அறிந்துவிட்டது.

தம்பியின் ஆட்டோவில் அதன்பிறகு யாரும் ஏறவில்லை. அன்றே அவன் நேரே வீட்டுக்கு வந்து ரோசம்மாவிடம், "பீரோச் சாவி ஒனக்க கையிலதான இருக்கு?" என்று மட்டும் கேட்டான். பிறகு அவளிடம் பேசவேயில்லை. மாத்திரை வாங்கும் வரிசையில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று அதற்குப் போவதையும் நிறுத்தினான். எட்டு மாதம். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி, மெடிக்கல் காலேஜில் மூன்றாம் நாள் முடிந்துபோனான். சொல்லிவிட வேண்டும் என்று ஆனந்தபாய் அந்தக் கட்டில் பக்கம் போய்ப் போய்த் திரும்பினாள்.

குடத்தைத் தூக்கியபோது ஜெனில் முற்றத்தில் நின்றிருந்தான். கேமரா இல்லை. கையில் ஒரு மாலையும் ஒரு காகித உறையும்.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கக்கூடாது. நாளைக்கு ஹைக்கோர்ட்டுல கேஸ் வருது. பாதிக்கப்பட்ட ஆளே இல்ல, எல்லாம் கட்டுக்கதைண்ணு ஆஸ்பத்திரிக்காரன் சொல்லுதான். அண்ணனுக்க பேரு வச்சு நீங்க இந்தப் பேப்பருல ஒரு ஒப்பு போட்டுத் தரணும். இதுமாதிரி கெட்ட ரத்தம் ஏறின பதினோரு பேரு இன்னும் உண்டு. ஒருத்தரும் முன்னால வர மாட்டேங்குதாவ" என்றான் ரோசம்மாவிடம்.

"அந்தப் பதினோரு பேருக்கும் வீட்டு முன்னால மரம் நிக்குமில்லியா?" என்றாள் ரோசம்மா.

அவன் தலை குனிந்தான். "அது எனக்க தப்பாக்கும். பேரும் முகமும் மறச்சாப் போதும்ணு நெனச்சிட்டேன்."

ரோசம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "செரி. ஒப்பு போடுதேன். ஒண்ணு சொல்லு. அந்த ஃபைல ஒனக்கு யாரு தந்தது?"

ஆனந்தபாய் குடத்தை இன்னொரு கைக்கு மாற்றினாள். ஜெனில் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

"அது சொல்லக்கூடாது அக்கா. கோர்ட்டு கேட்டாலும் சொல்ல மாட்டேன். தந்த ஆளக் காப்பாத்தணும்."

"தந்த ஆளுக்கு மறைக்கதுக்கு உண்டு. எனக்க மாப்பிளைக்கு மறைக்கதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு, என்னா?" ரோசம்மாவின் குரல் முதல்முறையாக உடைந்தது. "எட்டு மாசம், எலே, எனக்க கையால ஒரு வாய் வெள்ளம் வாங்கிக் குடிக்கல்ல. நாந்தான் குடுத்தேண்ணு நெனச்சிட்டே போயிட்டாரு."

ஜெனில் உறையைச் சட்டைப் பைக்குள் திருப்பிச் செருகினான். அவன் சொல்ல மாட்டான். போய்விடுவான். இனி இந்த உலகத்தில் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"நானாக்கும், மக்கா" என்றாள் ஆனந்தபாய்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரோசம்மா அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"இல்ல."

"ஆஸ்பத்திரியில மூணு நாளு அவருக்க பக்கத்துல இருந்தியளே மைனி."

"நாக்கு எழும்பல்ல."

ரோசம்மா கையை நீட்டினாள். ஜெனில் தயங்கித் தயங்கிக் காகிதத்தைக் கொடுத்தான். அதைச் சுவரில் வைத்து, கணவன் பேரை முழுசாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிறகு ஆனந்தபாயின் கையிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு, பொன்னுதாசைக் கிடத்தியிருந்த, வீட்டை ஒட்டிய சாய்ப்பறைக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"ரோசம்மா, ஒத்தைக்கு முடியாது மக்கா. திருப்பிப் படுக்க வைக்கண்டாமா?"

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கூடவே தாழ்ந்த குரலில் பேச்சு. விட்டுப்போன எட்டு மாதத்தையும் சொல்லித் தீர்ப்பதுபோல அது நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று வெளியே விளங்கவில்லை.

கதவடியிலிருந்து சோப்பு நுரை கசிந்து, படியிறங்கி, வந்தவர்களின் செருப்புகளை நோக்கி ஓடியது. ஆனந்தபாய் குனிந்து, அவற்றை ஒவ்வொரு ஜோடியாக எடுத்துக் காய்ந்த இடத்தில் வைக்கத் தொடங்கினாள்.